நீலக் கயிற்றுக் கட்டு

தூத்துக்குடிக்குத் தெற்கே, முத்தையாபுரம் தாண்டி, கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்தி பாத்தியாக வெள்ளை விரிந்து கிடக்கும் இடத்தில் மணப்பாட்டார் உப்புக் கம்பெனி இருக்கிறது என்பதும், அந்தக் கம்பெனியில் எழுபது வருஷமாக ஒரு காகிதத்தையும் யாரும் கிழித்துப் போட்டதில்லை என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கிழிக்கக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. கிழிக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை, அதனால் எல்லாம் இருந்தது. உப்புக் காற்றில் இரும்பு அலமாரி துருவேறி உதிருமே தவிர உள்ளே இருக்கும் காகிதத்தைப் பூச்சி தொடாது. எந்தப் பாத்தியில் எந்த நாள் உப்பு வாரினார்கள் என்ற பதிவேடு, எந்த லாரி எத்தனை மணிக்கு வெளியே போனது என்ற சீட்டு, மழை பெய்த நாட்களை மட்டும் எழுதிவைத்த நோட்டு, மேஸ்திரிமார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள், யாரோ ஒரு எஞ்சினியர் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோன கண்ணாடிக்கூடு எல்லாம் கயிறு கட்டி, சீட்டு ஒட்டி, வரிசையாக இருந்தன.

அந்த ரெக்கார்டு ரூமுக்குப் பொறுப்பு மரிய புஷ்பம். முப்பது வருஷம் அதே நாற்காலி. எழுதாத நேரத்தில் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொள்வாள், பிறகு மேசையெல்லாம் தேடுவாள். புஷ்பத்திடம் எதைக் கேட்டாலும் ஏணி போட்டு ஏறி மூன்று நிமிஷத்தில் எடுத்துத் தந்துவிடுவாள் என்று பெயர். அந்த ஆகஸ்ட் மாதத்தோடு அவளுக்கு ஓய்வு.

விடுப்புக் கடிதங்களுக்கு மட்டும் அங்கே இரண்டு விதமான கயிறு உண்டு. கொடுத்த லீவுக்குச் சிவப்புக் கயிறு, மறுத்த லீவுக்கு நீலக் கயிறு. வேறு எந்தக் கம்பெனியிலும் மறுத்த கடிதத்தை எழுதினவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே கம்பெனியைத் தொடங்கிய பெரிய மணப்பாட்டார், கொடுத்ததற்கு மட்டும் சாட்சி இருந்தால் போதாது, ஒருத்தன் கேட்டான் என்பதற்கும் சாட்சி இருக்க வேண்டும் என்று சொல்லி அதையும் கட்டிவைக்கச் செய்தார். சிவப்புக் கட்டுகள் இரண்டு அலமாரி. நீலக் கட்டு ஒன்றே ஒன்று. மொத்தம் நாற்பத்தொரு கடிதங்கள்.

அப்படியிருக்க, விக்னராஜன் என்று புது நிர்வாக அதிகாரி ஒருவர் ஜனவரியில் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன், முப்பத்துநாலு வயது, எதையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு கம்பெனி எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரையறை இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டு, இடது பக்கம் பதிவேட்டின் பெயர், வலது பக்கம் வருஷம் என்று ஒரு பட்டியல் போட்டார். அவரும் புஷ்பமும் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். நிலத்தின் குத்தகைப் பத்திரம் நிரந்தரம் என்றார், சரி என்றாள். லாரிச் சீட்டு எட்டு வருஷம் என்றார், சரி என்றாள். மழை நோட்டு ஐந்து வருஷம் என்றார், அதற்கு மட்டும் அவள் சண்டை போட்டு நிரந்தரம் வாங்கினாள். வருஷத்தைப் போடாமல் கட்டத்தை வெறுமனே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, ஒன்றும் எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே மூன்று வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி பட்டியலைப் பூட்டிவிட்டால் பிறகு அதுதான் சட்டம் என்று சொன்னார்.

விடுப்புக் கடிதம் என்ற வரிக்கு வந்தபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. பழைய லீவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு முந்திய லீவெல்லாம் அந்த நிமிஷத்தில் காலாவதியானது. நீலக் கயிறு வேறு என்று புஷ்பம் நினைவூட்டியபோது, அதற்குத் தனியாக ஒரு வரி போட்டு, அக்கா, இதை நீங்களே யோசித்து நிரப்புங்கள் என்று விட்டுவிட்டார். அந்த வரியில் அவளுடைய கடிதமும் ஒன்று இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

காலாவதியான காகிதத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உப்பளத்தில் காகிதம் எரிக்கிற வழக்கம் இல்லை, கரி பறந்தால் வெள்ளை உப்பில் புள்ளி விழும். விக்னராஜன் சென்னையிலிருந்து காகிதம் நறுக்குகிற மெஷின் ஒன்றை வரவழைத்தார், அது உப்புக் காற்றில் ஒன்பதே நாளில் துருப்பிடித்து வாயை மூடிக்கொண்டது. கடைசியில் புஷ்பம்தான் யோசனை சொன்னாள். கைவிட்டுப்போன பதினேழாம் பாத்தியில் உப்புத் தண்ணீரைக் கட்டி, அதில் வாரத்துக்கு இரண்டு வருஷத்துக் கடிதத்தைப் போட்டு மிதித்துக் கரைத்துவிட்டால், வெயிலில் தண்ணீர் வற்றிவிடும், காகிதம் இருந்த இடம் தெரியாது. அப்படியே செய்தார்கள். லீவுக்குக் கடிதம் வாங்க ஆரம்பித்த எழுபத்தொன்றாம் வருஷத்துச் சிவப்புக் கட்டும் அதற்கு அடுத்த வருஷத்ததும் முதலில் போயின. ஐந்தாம் நாள் பாத்தி காய்ந்து, தரையோடு தரையாகச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் உப்பு நின்றது.

ஆறாம் நாள் காலையில் இசக்கிமுத்து தன் வீட்டு வாசலைத் தாண்டினார், காணாமல் போனார்.

இசக்கிமுத்து கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகிறது. பால் வாங்கப் போனவரைப் பகல் முழுக்கத் தேடினார்கள். பொழுது சாயும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கையில் ஒரு பித்தளைத் தம்ளரோடு அதே வாசல் வழியாகத் திரும்பி வந்து, தனக்குக் காய்ச்சல் என்றும், காய்ச்சல் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றும், எழுபத்தொன்றில் மூன்று நாள்தான் லீவு எழுதிக் கொடுத்தேன் என்றும் சந்தோஷமாகச் சொன்னார். தம்ளரில் கஞ்சி ஒட்டியிருந்தது. செத்து நாற்பது வருஷமான அவருடைய அம்மா காய்ச்சிய கஞ்சி அது. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். மருமகள் தைலம் தேய்க்க வந்தபோது வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டு, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னதிலிருந்துதான் அதன் முறை எல்லோருக்கும் பிடிபட்டது. போகிற நாள் பழைய நாளேதான், அதில் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. கையும் காலும் வாயும் அந்த நாளுக்குச் சொந்தம், அன்றைக்குச் செய்ததைத்தான் செய்யும், அன்றைக்குச் சொன்னதைத்தான் சொல்லும். கண்ணும் காதும் மட்டும் நம்முடையவை. அன்றைக்குப் பார்க்காமல் விட்டதைப் பார்க்கலாம், கேட்காமல் விட்டதைக் கேட்கலாம். காய்ச்சலில் தான் முனகிக்கொண்டு கிடந்தபோது அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துவீட்டுக்காரியிடம், இவனைச் சின்ன வயதில் விறகுக்கட்டையால் அடித்துவிட்டேன், அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் என் கை கூசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதுதான் கேட்டேன் என்றார் இசக்கிமுத்து. திரும்பும்போது அந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு பொருள் கூட வரும் என்பதும் அவருடைய தம்ளரிலிருந்துதான் தெரிந்தது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள நேரம் இல்லை, வாரத்துக்கு இரண்டு வருஷம் காய்ந்துகொண்டிருந்தது. பங்குச்சாமியார் பூசை முடிந்து இதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய சமையல்காரர் முன்னாளில் கம்பெனியில் வேலை பார்த்தவர், எழுபத்தாறில் வேளாங்கண்ணிக்குப் போன லீவுக்கு மறுபடி போய்விட்டு வந்து சுடச்சுடப் பொரிகடலைப் பொட்டலத்தை நீட்டினார், சாமியார் அதை வாங்கிக் கொறித்துக்கொண்டே போய்விட்டார். இறந்துபோனவர்களின் லீவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எழுபத்தெட்டாம் வருஷக் கட்டு காய்ந்த மறுநாள், கல்லறைத் தோட்டத்தில் ஆளில்லாத மூலையில் சாயங்காலம் வரை சீட்டுக்கட்டு கலைக்கிற சத்தம் கேட்டதாகத் தோட்டக்காரர் சொன்னார், அந்த மூலையில் யார் யார் கிடக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அதை நம்பினார்கள்.

வேலையில் இருப்பவர்களின் வருஷங்கள் வர ஆரம்பித்ததும் கம்பெனிக்குத் தலைவலி வந்தது. எடைமேடையில் இருக்கும் சீனிப்பாண்டி ஒருநாள் காலையில் வரவில்லை, லாரிகள் பொட்டல்விலக்கு வரைக்கும் நின்றன. எண்பத்தெட்டாம் வருஷம் பெரியப்பா இறந்துவிட்டார் என்று இரண்டு நாள் லீவு எழுதியவர் அவர். அந்தப் பெரியப்பா சீனிப்பாண்டியின் லீவுக் கடிதங்களில் மட்டும் மூன்று முறை செத்து, நிஜத்தில் இரண்டாயிரத்து நாலு வரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு சுகமாக இருந்தவர். சாயங்காலம் சீனிப்பாண்டி திரும்பி வந்தபோது கையில் இருந்தது எப்போதோ இடித்துப்போட்ட தியேட்டரின் பால்கனி டிக்கெட், அதுவும் இரண்டு. அவருடைய மனைவி பேச்சியம்மாள் நாலு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. ஐந்தாம் நாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து, நிச்சயம் பண்ணிவிட்டுக் கல்யாணத்துக்கு முந்தி, வீட்டுக்குத் தெரியாமல் அந்தப் பால்கனியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தானேதான் என்று நினைவு வந்து, ஈரக் கையோடு எடைமேடைக்கே போய் நின்றாள்.

இந்த மாதிரி வராத நாட்களை வருகைப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது என்று விக்னராஜன் சென்னைக்கு எழுதிக் கேட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை அனுமதித்த விடுப்பை மறுபடி மறுக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை, ஆகவே 'பழைய விடுப்பு' என்று தனியாக ஒரு பத்தி போட்டுக்கொள்ளவும் என்று அதில் இருந்தது. புஷ்பம் ஒரு பலகையில் எந்த வருஷம் எந்த வாரம் காயும் என்று எழுதி கேட்டில் தொங்கவிட்டாள். பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்கேற்றபடி சமைத்தார்கள். பிரசவ லீவு எழுதியிருந்தவர்கள் வலி வரும் என்று தெரிந்தே தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். இப்போது மீசை வைத்து எதிர்த்துப் பேசுகிற பிள்ளையின் உள்ளங்கால் அன்றைக்கு எத்தனை சின்னதாக இருந்தது என்று திரும்பி வந்து இரண்டு விரலால் காட்டினார்கள். அந்தக் கோடையில் முத்தையாபுரத்தில் சண்டை சச்சரவு ரொம்பக் குறைவு. எல்லோருக்கும் யாராவது ஒருத்தரைப் பார்த்துவிட்டு வந்த களை முகத்தில் இருந்தது.

ஜூலை முடியும்போது காலாவதியான சிவப்புக் கட்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பலகை காலியானது. இனி நீலம்தான் என்று ஊர் பேச ஆரம்பித்தது.

அதில்தான் பயம் இருந்தது. லீவு கொடுத்த நாள் திரும்பி வந்தால் அது லீவு நாள், போய் அனுபவித்துவிட்டு வரலாம். லீவு மறுத்த நாள் திரும்பி வந்தால் என்ன வரும்? அன்றைக்குப் போகாத கல்யாணமா, அல்லது அதை நினைத்து நினைத்து உப்பு வாரிய பகலா? தங்கச்சி கல்யாணத்துக்குப் போக லீவு கிடைக்காத ஒருத்தர் அந்த நாள் வேண்டும் என்றார். மகனுக்கு ஆப்பரேஷன் நடந்த நாளில் லாரி ஓட்டிய ஒருத்தர், கையெடுத்துக் கும்பிட்டு, அந்த நாளை மட்டும் எனக்குத் திருப்பித் தராதே தாயி என்று அழுதார். அந்த வரிக்கு நேரே புஷ்பம் நிரந்தரம் என்று எழுதினால் நாற்பத்தொரு கடிதமும் அலமாரியில் அப்படியே இருக்கும். ஒன்றும் எழுதாவிட்டால் தானாகவே மூன்று வருஷம் ஆகி, நாற்பத்தொன்றும் பாத்திக்குப் போகும். தினம் காலையில் அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கொண்டையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய கடிதம் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்ச் எட்டாம் தேதியில் எழுதியது. மறுநாள் ஒருநாள் லீவு வேண்டும், கணவர் ஊரிலிருந்து புறப்படுகிறார் என்று இரண்டே வரி. கணவர் அந்தோணிப்பிச்சை தோணியில் வேலை பார்த்தார். வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி. கல்யாணமாகி இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது, அதில் அவர் கரையில் இருந்தது நூற்றுப் பன்னிரண்டு நாள், அவள் எண்ணியிருக்கிறாள். மறுநாள் ஆய்வு அதிகாரி வருகிறார் என்று அப்போதிருந்த மேனேஜர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டார். ஒன்பதாம் தேதி காலையில் வீட்டில் சண்டை. லீவு தராவிட்டால் என்ன, போகாதே என்றார் அவர். அப்படியெல்லாம் முடியாது என்றாள் அவள். உனக்கு அந்தக் காகிதக் கட்டுதான் புருஷன் என்று சொல்லிவிட்டு, போட்டுவைத்த இட்டிலியைத் தொடாமல் அவர் வெளியே போனார். சாயங்காலம் நாலு மணிக்குத் தோணி புறப்பட்டது. ஏழாம் நாள் வரவேண்டிய தகவல் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இருபத்தாறு வருஷமாக அவளுக்கு இருந்த துக்கம் அவர் போனது மட்டும் அல்ல. பசியோடும் கோபத்தோடும் போனார் என்பதுதான் அது. கடலுக்கு நடுவில் தண்ணீர் ஏறும்போது அவர் வயிற்றில் ஒன்றுமில்லை, மனதில் அவள்மேல் வருத்தம் இருந்தது என்று நினைக்காமல் அவள் ஒருவேளைகூடச் சாப்பிட்டதில்லை. இப்போது அந்த நாள் திரும்பி வந்தால் என்ன ஆகும்? அதே மேசை, அதே ஆய்வு அதிகாரி, அதே சீட்டு எழுதுகிற வேலை. நாலு மணி அடிக்கும், அவள் மறுபடி எழுந்து போகமாட்டாள். ஒருமுறை செய்த பாவத்தை வேலை மெனக்கெட்டு இரண்டாவது முறையும் செய்ய வேண்டுமா?

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி இசக்கிமுத்து கம்பெனிக்கு வந்தார். அவருக்கும் நீலக் கட்டில் ஒரு கடிதம் உண்டு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கால் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எழுதிரு தாயி. நிரந்தரம்னு எழுதிரு. அவுக அவுக நெஞ்சுல கிடக்கது போதும்."

"நான் எழுதிட்டேன்னா, எம் பயத்துக்காக நாப்பது பேரு நாளையும் சேத்துல்லா அண்ணாச்சி பூட்டுதேன்," என்றாள் புஷ்பம். "முதல்ல நான் போயி பாத்துட்டு வாரேன்."

அன்றைக்கே நீலக் கயிற்றை அவிழ்த்துத் தன் கடிதத்தை மட்டும் உருவி எடுத்தாள். பதினேழாம் பாத்தியில் இறங்கி அதைத் தானே காலால் மிதித்தாள். மேனேஜரின் சிவப்புக் கோடுதான் கடைசியாகக் கரைந்தது. ஐந்து நாளும் வெயில் தப்பாமல் அடித்தது. ஆறாம் நாள் காலையில் மாதா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு வாசலைத் தாண்டினாள்.

சண்டை வாசலுக்கு உள்ளே நடந்தது, அதனால் அது வரவில்லை. வாசலுக்கு வெளியே முப்பத்திரண்டு வயதுக் கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தன. முட்டி வலி இல்லை. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மாடசாமி உட்கார்ந்திருந்தார். அந்த வாரக் கடைசியிலேயே ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளத்துக்கு மாற்றலாகிப் போய், போன இடத்திலேயே இறந்துபோனவர். வாய் அவருக்கு ஒரு வணக்கத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனது. ரெக்கார்டு ரூமில் அப்போது அலமாரிகள் துருப்பிடிக்கவில்லை. ஆய்வு அதிகாரி கேட்கக் கேட்க அவள் எடுத்துக் கொடுத்தாள், எடுத்த இடத்தில் வைத்தாள், சீட்டு எழுதினாள். கை அதன் பாட்டுக்கு எழுதியது. அவளுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை, பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டியதுதான். சரி, இதுதான் வந்திருக்கிறது, ஒரு வேலைநாள், வேறொன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி கடந்து கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் ஆய்வு அதிகாரிக்கு எண்களை வாசித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் வாய் வாசித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் காது ஜன்னலுக்குப் போய்விட்டது.

"உள்ளதான் இருக்கா, கூப்பிடட்டா?" என்றது மாடசாமியின் குரல்.

"வேண்டாம் அண்ணாச்சி. கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவா, அந்த ஆபீசரு அவள ஏசுவான். வேலைய பாக்கட்டும். காலையில நாந்தான் வாய விட்டுட்டேன். வந்து சொல்லிக்கிடலாம். சும்மா பாத்துட்டுப் போறேன்."

அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை, அன்றைக்கு அது திரும்பவில்லை. கண்ணை மட்டும் தூக்கினாள். நேர் எதிரே குத்தகைப் பத்திரங்கள் வைக்கிற கண்ணாடி பீரோ இருந்தது, முப்பது வருஷமாக அவள் முகத்துக்கு நேரே இருக்கிற பீரோ. அதன் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் அந்தோணிப்பிச்சை தெரிந்தார். கட்டம் போட்ட சட்டை, வெயிலுக்குச் சுருக்கின கண், கையில் ஒரு பொட்டலம் மக்ரூன், அந்த ஊர் முந்திரி இனிப்பு. ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பொட்டலத்திலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து அவள் முதுகைப் பார்த்து நீட்டினார். அவள் திரும்பவில்லை என்றதும் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை எடுத்து நீட்டினார், அதையும் தின்றார். அவள் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு மேசையில் தேடியபோது, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேலே அப்படியே நின்றார். அந்த ஒரு மணி நேரமும் அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை தொண்ணூறு சீட்டு எழுதி முடித்தது. கண்ணீர் மட்டும் பழைய நாளுக்குக் கட்டுப்படாமல் வந்துகொண்டிருந்தது, ஆய்வு அதிகாரி அதைப் பார்க்கவில்லை.

பொட்டலத்தில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தபோது அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜன்னல் கட்டையின் வெளி ஓரத்தில் வைத்தார்.

"இது அவளுக்கு. மீதிய நான் தின்னுட்டேன்னு சொல்லிராதீக அண்ணாச்சி," என்றார். அப்புறம் மணலில் செருப்புச் சத்தம் போனது.

நாலு மணிக்குத் துறைமுகப் பக்கம் சங்கு ஊதியது. அவள் எழுந்து போகவில்லை, சீட்டுதான் எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தச் சங்குச் சத்தத்தை அவள் கேட்டது இதற்கு முன்பு கேட்டமாதிரி இல்லை.

பொழுது சாய்ந்து ரெக்கார்டு ரூமை விட்டு வெளியே வந்தபோது முட்டியில் வலி திரும்பி வந்திருந்தது, கட்டடத்தின் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கேட்டில் கூட்டமாக நின்றார்கள். இசக்கிமுத்து, சீனிப்பாண்டி, பேச்சியம்மாள், அழுதுவிட்டுப் போன லாரிக்காரர், நீலக் கட்டில் பெயர் இருக்கிற எல்லோரும். அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கை காலியாக இருந்தது. அவள் அவர்களிடம் வராமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்றைக்கு அந்தப் பக்கம் அவள் போகவேயில்லை. மாடசாமியும் சொல்லவில்லை, காக்கையோ அணிலோ கொண்டுபோயிருக்க வேண்டும். இன்றைக்கு ஜன்னல் கட்டையின் ஓரத்தில் ஒரு மக்ரூன் இருந்தது, அடியில் ஒட்டிய எண்ணெய்க் காகிதத்தோடு. முந்திரி வாசம் அடித்தது. சுற்றிலும் ஒரு எறும்புகூட இல்லை.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விக்னராஜனின் அறைக்குப் போனாள். அவர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த வரிக்கு நேரே என்ன போடட்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் போட வேண்டாம் சார். வெறுமனே விட்டுருங்க, அதுவே எடுத்துக்கிடட்டும்," என்றாள் புஷ்பம்.

பிறகு கேட்டுக்கு வந்தாள். இசக்கிமுத்து மட்டும் பக்கத்தில் வந்து, என்ன தாயி, என்ன வந்துச்சு என்றார். அவள் மக்ரூனை அவர் பார்க்கும்படி காட்டி, அதில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுதான் போயிருக்காக அண்ணாச்சி," என்றாள்.